இயற்கணிதக் கோவைக்கும் "= 0" போட்டுத் தீர்க்கும் எட்டாம் வகுப்பு: வழி சொல்லுங்கள்

பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ்வழி எட்டாம் வகுப்பு. சமன்பாடு நடத்தி முடித்த பிறகுதான் இந்தச் சிக்கல். (எக்ஸுக்குப் பதில் இங்கே க. கோவை என்பது 5க + 4 போலச் சமக்குறி இல்லாதது.)

"3க + 5 + 2க − 1, சுருக்குக" என்றால் 5க + 4 வரை சரியாக வருகிறார்கள். அங்கே நிற்பதில்லை. தாமாகவே "= 0" சேர்த்து க = −4/5 என்று முடிக்கிறார்கள். பின்னம் வந்தால் இன்னும் மோசம்: க/2 + க/3 ஐ 6 ஆல் பெருக்கி விடை 5க என்கிறார்கள். சமன்பாட்டில் இரு பக்கமும் பெருக்கலாம். கோவைக்கு மறுபக்கமே கிடையாது, பெருக்கினால் அதுவே ஆறு மடங்காகிவிடும். விடை 5க/6.

தராசுப் படம் காட்டியாயிற்று. சமன்பாட்டுக்குப் பிரமாதம், கோவைக்கு உதவவில்லை. க = 6 போட்டுச் சரிபார்க்கச் சொன்னேன்: 3 + 2 = 5, ஆனால் 5க என்றால் 30. பலகையில் புரிகிறது, நோட்டில் யாரும் செய்வதில்லை. "சமக்குறி இருந்தால் தீர்" என்ற விதியும் ஆபத்து: 2(க + 3) = 2க + 6 எந்த எண்ணுக்கும் சரி, அதில் கண்டுபிடிக்க எதுவுமில்லை.

கோவை, சமன்பாடு இரண்டையும் கலந்த பயிற்சித்தாளில் கணக்குகளை எந்த வரிசையில் வைத்தால் இந்த "= 0" பழக்கம் விடும்?