மாமரத்தை எப்போது, எவ்வளவு வெட்டுவது?

வணக்கம். சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் தரைவீட்டில் இருக்கிறோம். மாமியார் கொட்டை போட்டு வளர்த்த மாமரம் மாடி ஜன்னலைத் தாண்டிவிட்டது. முன்பெல்லாம் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கும் அளவுக்குக் காய்த்தது. இரண்டு வருஷமாக வெறும் இலை.

தப்பு என்னுடையதுதான். வேலியோரக் கொய்யாவை எப்போது வெட்டினாலும் புதுத் துளிரிலேயே மொட்டு வைக்கும். அந்தத் தைரியத்தில் இரண்டு டிசம்பரும் மாமரத்தின் நுனிகளைக் கத்தரித்தேன். மா, முற்றிய கிளையின் நுனியில்தான் பூக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. வெட்டிய இடமெல்லாம் மூன்று நான்கு துளிர், செம்பு நிறத்தில் தளதளவென்று. அழகுதான், ஊறுகாய் போட முடியாதே!

காய் பறித்த கையோடு வெட்ட வேண்டும் என்கிறார்கள். காயே இல்லாத மரத்துக்கு எது கணக்கு? இங்கே வருஷம் முழுக்க மழை. பிப்ரவரி வாக்கில் கொஞ்சம் மழை விட்டுக் காய்ந்தால் உண்டு, மா பூக்க அதுதான் வாய்ப்பு. அதற்குள் துளிர் முற்ற வேண்டுமென்றால் எந்த மாதத்தோடு கத்தரியைக் கீழே வைக்க வேண்டும்?

உயரத்தையும் குறைக்க வேண்டும். நடுக்கொம்பை ஒரே வெட்டாக இறக்கலாமா, வருஷத்துக்கு ஒரு கிளையாக எடுப்பதா? தழைச்சத்து உரத்தை நிறுத்திவிட்டேன்.

சிங்கப்பூரில் மா வைத்திருக்கும் அண்ணன்மார், அக்காமார் அனுபவத்தைச் சொல்லுங்கள். மாமியார் தினமும் மரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்.