மறு: குடற் பற்றீரியா குருதிக்குள் போவதற்கு என்ன சொல்?

அன்பின் நண்பர்களே,

குடலில் இருக்கும் பற்றீரியா குடற்சுவரைத் தாண்டிக் குருதிக்குள் போவதை ஆங்கிலத்தில் குறிக்கும் ‘ட்ரான்ஸ்லொகேஷன்’ என்பதற்கு ‘இடப்பெயர்வு’ போதும் என்று நேற்று அண்ணை எழுதியிருந்தார். அகராதிப்படி பிழையில்லை. சிக்கல் எங்கள் காதில் இருக்கிறது. நான் மொழிபெயர்க்கும் துண்டுப்பிரசுரம் கீமோ ஏற்றும் நோயாளிகளின் வீட்டாருக்கானது. வரைவை வெள்ளவத்தையில் பக்கத்து வீட்டு அன்ரியிடம் வாசிக்கக் கொடுத்தேன். ‘பற்றீரியாக்கள் இடம்பெயர்ந்து’ என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, “ஐயோ, ஆர் தம்பி துரத்தினது?” என்று கேட்டார். 1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்து வந்தவர். அந்தச் சொல்லில் அவருக்கு மூட்டையும் மழையும் இருக்கின்றன.

‘இடமாற்றம்’ என்றால் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது போலிருக்கிறது.

‘ஊடுருவல்’ என்று சிலர் சொன்னீர்கள். அதை நெருப்புக் காய்ச்சல் கிருமிக்கு வைத்துக்கொள்ளலாம்; அது நல்ல குடலையே துளைத்துக்கொண்டு போகக்கூடியது. நாம் பேசும் கிளெப்சியெல்லா, என்டரோகொக்கஸ் வகையறா அப்படியல்ல, காலம் முழுக்கக் குடலில் சும்மா கிடப்பவை. குடலின் உட்புறத்தில் மேலணிக் கலங்கள் ஒற்றை வரிசைதான். கலத்துக்குக் கலம் இறுக்கச் சந்தி, அதற்கு மேலே சளிப்படை. சுகதேகிகளிலும் ஒன்றிரண்டு பற்றீரியா இந்தப் பக்கம் வந்துவிடுவதுண்டு. நிணநீர்க் கணுவோ ஈரலோ பிடித்துவிடும். கீமோவில் எல்லாம் ஒரேயடியாகக் கெடுகின்றன. மேலணி புண்ணாகிறது, வெண்குழியங்கள் விழுந்துவிடுகின்றன, அன்டிபயோட்டிக் மற்றவற்றை அழித்துவிட ஒரு வகை மட்டும் குடலை நிறைக்கிறது. என்பு மச்சை மாற்றம் செய்துகொண்ட 94 பேரை ஆராய்ந்து 2012 இல் ஒரு கட்டுரை வந்தது. என்டரோகொக்கஸ் குடலில் கோலோச்சியவர்களுக்கு, வன்கோமைசின் என்ற அன்டிபயோட்டிக்குக்கு அடங்காத என்டரோகொக்கஸ் குருதியில் தொற்றும் ஆபத்து 9 மடங்காம்.

ஆக, சொல்லில் ஒரு தடையும் தெரியவேண்டும், அதைத் தாண்டுவதும் தெரியவேண்டும். என் முன்மொழிவு ‘குடற்கடப்பு’. கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் தண்டவாளத்தைத் தாண்டும் இடம் புகையிரதக் கடவை. ஊரில் வேலியில் ஆள் நுழைய விட்ட இடைவெளியைக் கடப்பு என்போம். வேர் எங்களிடமே இருக்கிறது.

அப்புறம், சும்மா கிடந்துவிட்டு உடம்பு தளர்ந்த நேரம் பார்த்து நோயாக்கும் இந்த மாதிரிக் கிருமிக்குச் சொல்லும் ‘சந்தர்ப்பவாத நோயாக்கி’. தயவுசெய்து வேண்டாம். கட்சி மாறும் எம்பி ஞாபகத்துக்கு வருகிறார் என்பது ஒருபுறம். மூட்டுவாதம், பக்கவாதம் வரிசையில் இதுவும் ஒரு வாதமா என்று நோயாளி கேட்பார். ‘சமய நோயாக்கி’ என்றால் இன்னும் மோசம், கோயிலில் தொற்றியது என்பார்கள். இடங்கொடுத்தால் மடம் பிடுங்கும் சாதி இது. ‘இடங்காண் நோயாக்கி’ எப்படி?

—

அண்ணையின் பதில்:

> என் முன்மொழிவு ‘குடற்கடப்பு’

தம்பி, கடப்பு நல்ல சொல்தான். ஆனால் பற்றீரியா குடலைக் கடந்துவிட்டது என்றால் சனம் என்ன நினைக்கும்? மலத்தோடு போய்விட்டது, நல்லதாப்போச்சு என்று நினைக்கும். இடங்காணுக்கு ஆட்சேபணை இல்லை.

—

அண்ணை, நானே சிரித்துவிட்டேன். சரி, சுவரைச் சேர்க்கிறேன்: குடற்சுவர்க்கடப்பு. கொஞ்சம் நீளம், ஆனால் வினையாக்கினால் இலகுவாக விழுகிறது. பிரசுரத்தில் இப்போது இப்படி இருக்கிறது: “கீமோ நாட்களில் காய்ச்சல் 38 பாகைக்கு மேல் போனால், உங்கள் குடலிலேயே இருந்த பற்றீரியா குடற்சுவரைக் கடந்து குருதிக்குள் போயிருக்கலாம். விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.”

அன்ரிக்கு வாசித்துக் காட்டினேன். இந்த முறை ஆர், எங்கே என்று எதுவும் கேட்கவில்லை. ‘காத்திராமல்’ என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போடச் சொன்னார்.