கிளிக்குக்குக் காசு: தேடல் விளம்பரத்தில் விலையைப் போடலாமா, கூடாதா?

குளிர்காரன் (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் சின்ன ஏசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். நானும் இரண்டு பெடியளும்தான். பெப்ரவரியில் முதல் தடவையாகக் கூகிள் தேடலில் விளம்பரம் போட்டேன். மாத முடிவில் கணக்கு: செலவு 42,000 ரூபாய், கிளிக் 310, போன் வந்தது 14, வேலையாக முடிந்தது 6. ஒரு வேலையைப் பிடிக்க 7,000 ரூபாய். ஒரு சாதாரண சேர்விஸுக்கு நான் வாங்குவதே அவ்வளவு வராது.

விளம்பரத்தின் தலைப்பு "கொழும்பின் சிறந்த ஏசி சேவை". கீழே "நம்பிக்கை, தரம், நியாய விலை. இன்றே அழையுங்கள்." மருமகன் எழுதித் தந்தது. எங்கே பிழை? எழுத்திலா, வேறு எங்குமா?

எழுத்தாணி (கொட்டாஞ்சேனை)

தம்பி, அந்த விளம்பரத்தில் "ஏசி" என்ற சொல்லை எடுத்துவிட்டு "பல்" என்று போடுங்கள். பல் வைத்தியருக்கும் பொருந்தும். "திருமண மண்டபம்" போடுங்கள், அதற்கும் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்தும் சட்டை உங்களுக்குப் பொருந்தாது.

நான் பல வருடம் பத்திரிகைக்கு வரி விளம்பரம் எழுதியவன். அங்கே சொல்லுக்குக் காசு. ஆயிரம் பேர் வாசித்தாலும் ஒருவர் வாசித்தாலும் பில் ஒன்றுதான். ஆகவே எல்லோரையும் கூப்பிடுவது நட்டமில்லை. இங்கே ஆளுக்குக் காசு. கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவனுக்கும் நீங்கள் வாடகை கட்டுகிறீர்கள். அதனால் வரக்கூடாதவனை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற வேலையையும் விளம்பரமே செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்து பார்க்க எவ்வளவு எடுக்கிறீர்கள்? அதைத் தலைப்பிலேயே போடுங்கள்.

குளிர்காரன்

2,500 அண்ணை. வேலை செய்தால் அதைக் கழித்துவிடுவேன். ஆனால் விலையைப் பார்த்துப் பயந்து ஓடிவிடுவார்களே?

எழுத்தாணி

ஓடட்டும். அவர்கள் கிளிக் பண்ணிய பிறகு ஓடினால், 42,000ஐ 310ஆல் பிரித்த கணக்கில், உங்களுக்கு 135 ரூபாய் செலவு. பண்ணாமல் ஓடினால் சும்மா.

ஏலக்காரன் (பம்பலப்பிட்டி)

மன்னிக்கவும், இது பத்திரிகைக் காலத்து யோசனை. நான் நான்கு வருடமாக இணைய விளம்பரத் தொழிலில் இருக்கிறேன், சொல்ல விடுங்கள்.

கூகிள் உங்கள் விளம்பரத்தை எங்கே வைப்பது, எவ்வளவு எடுப்பது என்பதை ஒவ்வொரு தேடலுக்கும் ஏலம் போட்டுத்தான் முடிவு செய்கிறது. அதில் நீங்கள் சொல்லும் தொகை மட்டும் இல்லை, இந்த விளம்பரத்தை ஆட்கள் அழுத்துவார்களா என்ற மதிப்பீடும் சேரும். விலையைப் போட்டு ஆட்களைத் துரத்தினால் அந்த மதிப்பீடு விழும். மதிப்பீடு விழுந்தால் கிளிக்கின் விலை ஏறும். நூறு ரூபாய்க்குக் கிடைத்த கிளிக் நூற்றைம்பதாகும். நீங்கள் மிச்சம் பிடித்ததாக நினைத்த காசு அந்தப் பக்கத்தால் போய்விடும்.

இப்போதெல்லாம் ஒரே ஒரு விளம்பரத்தை உட்கார்ந்து செதுக்குகிற வேலையும் இல்லை. பழைய வகைத் தேடல் விளம்பரங்களைப் புதிதாக உருவாக்குவதைக் கூகிள் 2022 ஜூனோடு நிறுத்திவிட்டது. இப்போது 15 தலைப்பு, 4 விளக்கம் வரை கொடுக்கலாம். எதை எதோடு சேர்த்துக் காட்டுவது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். பதினைந்தையும் நிரப்புங்கள், மேலே விளம்பரத்தின் வலிமையைக் காட்டும் இடத்தில் "மிகச் சிறப்பு" என்று பச்சை காட்டும் வரை நிரப்புங்கள். அவ்வளவுதான் விசயம்.

கணக்கக்கா (தெஹிவளை)

ஏலக்காரன் தம்பி சொன்ன ஏல விசயம் சரி. எண்ணில் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். உண்மையான சூத்திரத்தில் இன்னும் பல சேர்க்கைகள் உண்டு, இது எலும்புக்கூடு மட்டும்.

ஒரு கடை ஏலத்தில் கிளிக்குக்கு 100 ரூபாய் கேட்கிறது, அதன் தரம், அதாவது ஆட்கள் அழுத்துவார்களா என்ற மதிப்பீடு, 4. பெருக்கினால் 400. அடுத்த கடை 60 ரூபாய்தான் கேட்கிறது, தரம் 8. பெருக்கினால் 480. அறுபது ரூபாய்க்காரர் மேலே. அவர் கட்டுவதும் அறுபது இல்லை. பக்கத்துக்காரரின் 400ஐத் தாண்ட அவருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான்: 400ஐ 8ஆல் பிரித்தால் 50, அதற்கு மேல் கொஞ்சம். நல்ல விளம்பரம் எழுதினால் பாதிக் காசில் மேலே நிற்கலாம் என்பது உண்மைதான்.

ஆரம்பத்தில் இப்படி இருக்கவில்லை. 1998இல் கோட்டூ என்ற தேடல் தளம்தான் கிளிக்குக்குக் காசு முறையைப் பிரபலமாக்கியது. அங்கே அதிகம் கொடுப்பவர் மேலே, கதை முடிந்தது. கூகிள் 2000இல் விளம்பரம் விற்கத் தொடங்கி, 2002இல் கிளிக் முறைக்கு வந்தபோதுதான் "ஆட்கள் எவ்வளவு அழுத்துகிறார்கள்" என்பதையும் தராசில் வைத்தது.

ஆனால் தம்பி, அந்தப் பச்சை நிற "மிகச் சிறப்பு" பற்றி நீங்கள் சொன்னது தவறு. அது ஏலத்தில் சேர்வதில்லை. பத்துக்கு எத்தனை என்று காட்டும் தரப் புள்ளியும் நேரே ஏலத்துக்குள் போவதில்லை, அது நமக்குக் காட்டுகிற காய்ச்சல் மானி மாதிரி. மானியைத் தேய்த்தால் காய்ச்சல் குறையாது.

சரி, குளிர்காரன், அந்த 310 பேரும் எதைத் தட்டி வந்தார்கள் என்று பார்த்தீர்களா? தேடல் சொற்கள் என்று ஒரு அறிக்கை இருக்கும். அதைப் பார்க்காமல் நாங்கள் இங்கே சண்டை பிடிப்பதில் பிரயோசனம் இல்லை.

குளிர்காரன்

இப்போதுதான் பார்த்தேன் அக்கா. தலை சுற்றுகிறது. சிலதை அப்படியே தருகிறேன், அநேகமானவை ஆங்கிலத்தில் தட்டியவை:

ஏசி ரிப்பேர் கோர்ஸ் கொழும்பு
கார் ஏசி காஸ் விலை
ஏசி டெக்னீஷியன் வேலை
செக்கன்ட் ஹாண்ட் ஏசி
ஏசி ரிமோட்
ஏசி தண்ணீர் ஒழுகுது என்ன செய்வது
வெள்ளவத்தை ஏசி சேர்விஸ்

கடைசி இரண்டையும் விட்டால் மற்றது ஒன்றும் என் ஆட்கள் இல்லை. வேலை தேடி வந்த பெடியனுக்கும் நான்தான் 135 ரூபாய் கட்டியிருக்கிறேன்.

புறக்கோட்டைத் தம்பி

ஹாஹா அண்ணை, நான் முதலாம் குறுக்குத் தெருவில் போன் கவர் விற்கிறேன். எனக்கு "போன் தொலைந்தால் என்ன செய்வது" என்று தேடினவர்கள் எல்லாம் வந்தார்கள். "வேலை, கோர்ஸ், கார், ரிமோட்" எல்லாவற்றையும் நெகட்டிவ் பட்டியலில் போடுங்கள், அந்தச் சொற்களோடு தேடுபவர்களுக்கு விளம்பரம் வராது. அரை மணித்தியால வேலை. எழுத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

எழுத்தாணி

அந்தப் பட்டியலில் பொன் ஒன்று கிடக்கிறது, யாரும் குனியவில்லை. "ஏசி தண்ணீர் ஒழுகுது." இரவு பத்து மணிக்குக் கட்டில் நனைகிற மனுசன் "சிறந்த ஏசி சேவை" என்று தேடமாட்டான். ஒழுகுது என்றுதான் தட்டுவான். அவனுக்கு வருகிற விளம்பரம் "ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறதா?" என்று கேட்டால் அவன் வேறு எதைப் பார்க்கப் போகிறான்? குளிர்காரன், வாடிக்கையாளர்கள் போனில் முதல் வசனமாக என்ன சொல்கிறார்கள்?

குளிர்காரன்

"தண்ணீர் ஒழுகுது", "குளிர் வருதில்லை", "சத்தம் போடுது". மெரின் டிரைவ் பக்கத்து மாடிகளில் "வெளியில் இருக்கிறது துருப்பிடிச்சுப் போச்சு". கடல் காற்று, உப்பு. அங்கே வெளி யூனிட் சீக்கிரம் அரித்துவிடும்.

எழுத்தாணி

உங்கள் விளம்பரம் எழுதி முடிந்தது. அந்த நாலு வசனமும் நாலு தலைப்பு. ஐந்தாவது, "பார்க்க வருவதற்கு ரூ. 2,500".

ஏலக்காரன்

முதல் நான்கும் எனக்குச் சம்மதம். ஐந்தாவதுதான் பிரச்சினை. அதுவும், எந்தத் தலைப்பு எப்போது வரும் என்று உங்களால் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் மூன்று தலைப்புக்கு மேல் காட்டாது. விலை வராமலே போகலாம்.

கணக்கக்கா

ஊசி குத்தி நிறுத்தலாம். ஒரு தலைப்பை இந்த இடத்தில்தான் வரவேண்டும் என்று பின் பண்ணும் வசதி இருக்கிறது.

ஏலக்காரன்

இருக்கிறது. குத்தக் குத்த இயந்திரத்துக்குப் பரிசோதிக்க இடமில்லாமல் போகும். பிறகு இயந்திரம் வேலை செய்யவில்லை என்று எங்களைத்தான் பேசுவார்கள்.

கணக்கக்கா

மாதம் 14 போன் வருகிற கடையில் இயந்திரம் எதைப் பரிசோதிக்கும், தம்பி? பெரிய கொம்பனிக்கு ஒரு மணித்தியாலத்தில் வருவது அது. பற்றாக்குறைக்கு, எங்கள் சனம் பாதி வட்ஸ்அப்பில் குரல் அனுப்பும். அதைத் தனியாக எண்ண ஏற்பாடு செய்யாவிட்டால் கூகிளுக்கு அது நடந்ததே தெரியாது.

குளிர்காரன்

ஒரு சின்னச் சிக்கல். மருமகனை இருத்தி வைத்துத் தமிழில் தலைப்பு எழுதினேன். "கொழும்பில் நம்பிக்கையான குளிரூட்டி சேவை" என்று போட்டால் சிவப்பு காட்டுகிறது. எண்ணிப் பார்த்தால் இடைவெளியோடு 22 எழுத்துத்தான். 30 வரை போடலாம் என்றார்களே?

புறக்கோட்டைத் தம்பி

இதில் நானும் மாட்டினேன் அண்ணை. பெட்டிக்குக் குற்றும் ஒரு எழுத்து, கொம்பும் ஒரு எழுத்து. "கொழும்பு" நமக்கு 4, அதற்கு 8. உங்கள் தலைப்பு அதன் கணக்கில் 39. "குளிரூட்டி" மட்டும் பத்தை விழுங்கும். "ஏசி" என்றால் மூன்றோடு போய்விடும்.

எழுத்தாணி

நல்லதாய்ப் போயிற்று. "நம்பிக்கையான" என்ற சொல்லுக்குப் பெட்டியே கத்தரி போட்டுவிட்டது. "பார்க்க வருவதற்கு ரூ. 2,500" அடங்குகிறதா?

குளிர்காரன்

27. அடங்குகிறது. முடிவில் ஆச்சரியக்குறி போட்டேன், தலைப்பில் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டது. போன் நம்பரையும் எழுத்துக்குள் போட விடவில்லை, அழைப்புக்கென்று தனி இடம் இருக்கிறதாம்.

இன்னொன்று. கிளிக் வந்த இடங்களைப் பார்த்தேன். 23 கிளிக் கனடாவிலிருந்து! நான் கொழும்பு மட்டும்தான் போட்டேன். ரொரன்ரோவில் இருந்துகொண்டு என்னிடம் ஏசி திருத்தப் போகிறார்களா? இது மோசடி இல்லையா?

ஏலக்காரன்

மோசடி இல்லை. இட அமைப்பு இயல்பாகவே "அங்கே இருப்பவர்கள் அல்லது அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்கள்" என்று இருக்கும். "அங்கே இருப்பவர்கள்" என்று மட்டும் மாற்றிவிடுங்கள். எல்லா வாடிக்கையாளருக்கும் நாங்கள் முதலில் செய்வது அதுதான்.

பனிநாட்டு மகள் (ரொரன்ரோ)

மாற்றாதீர்கள்! இத்தனை நாளும் சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த 23இல் ஒன்று நானாகவும் இருக்கலாம்.

அம்மா பம்பலப்பிட்டியில் மாடியில் தனியே இருக்கிறா. ஏசி பழுதானால் கடைக்காரருக்குப் போன் பண்ணமாட்டா, எனக்குத்தான் பண்ணுவா. நான் இங்கிருந்து தேடி, ஆளைப் பிடித்து, அம்மாவிடம் "இன்றைக்கு மூன்று மணிக்கு வருவார்கள், கதவைத் திற" என்று சொல்லுவேன். போன மாதமும் அப்படித்தான். நாலு பக்கம் திறந்தேன், ஒன்றிலும் விலை இல்லை. ஒன்றில் வட்ஸ்அப்பும் இல்லை. கொழும்பு நம்பருக்கு இங்கிருந்து பகலில் எடுத்தால் அங்கே நடுச்சாமம், யார் எடுப்பார்கள்? விலை எழுதி, வட்ஸ்அப் போட்டு, வேலை முடிந்ததும் படம் அனுப்புவோம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் 2,500 இல்லை, ஐயாயிரத்துக்கும் சரி என்றிருப்பேன்.

எழுத்தாணி

பிள்ளை, நீங்கள் இப்போது எழுதியதைவிட நல்ல விளம்பரம் நான் எழுதமாட்டேன். "அம்மா வீட்டு ஏசி பழுதா?" குளிர்காரன், இதைத் தனி விளம்பரமாக வெளிநாட்டுக்கு மட்டும் போடுங்கள்.

ஏலக்காரன்

இதை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தனிக் கணக்காகவே வையுங்கள். கனடாவில் இருந்து வரும் கிளிக்கும் வெள்ளவத்தைக் கிளிக்கும் ஒரே பையில் விழுந்தால் எது உழைக்கிறது என்று தெரியாது. கிளிக் வந்து விழும் பக்கமும் வேறாக இருக்க வேண்டும். அம்மா கதையை அழுத்தி உள்ளே வந்தவர் பொதுப் பக்கத்தைப் பார்த்தால் அடுத்த நொடி வெளியே போவார்.

குளிர்காரன் (மூன்று கிழமைக்குப் பிறகு)

மறக்கவில்லை, வேலை கூடிவிட்டது. இதுதான் கணக்கு. நெகட்டிவ் பட்டியல் போட்டேன், பழுதுகளைத் தலைப்பாக்கினேன், விலையை இரண்டாவது இடத்தில் குத்தி வைத்தேன், வெளிநாட்டைப் பிரித்தேன். உள்ளூரில் மட்டும்: செலவு 18,200, கிளிக் 104, போன் 13, வேலை 9. ஒரு வேலைக்குச் சுமார் 2,020 ரூபாய்.

வெளிநாட்டு விளம்பரத்தில் மூன்று வேலை. ஒரு அக்கா லண்டனிலிருந்து வீடியோவில் நின்று வேலை முடியும் வரை பார்த்தா. பெடியன் வெட்கத்தில் வழமையை விட வடிவாகத் துடைத்து வைத்தான்.

ஏலக்காரன்

வாழ்த்துக்கள். ஆனால் உங்கள் எண்ணையே பாருங்கள்: முன்பு கிளிக் 135, இப்போது 175. நான் சொன்னது நடந்திருக்கிறது.

எழுத்தாணி

கிளிக்கின் விலை ஏறியது, ஒரு வேலையைப் பிடிக்கும் செலவு இறங்கியது. நீங்கள் கிளிக்கையா வங்கியில் போடுகிறீர்கள்?

ஏலக்காரன்

அண்ணை, கொஞ்சம் பொறுங்கள். நாலு மாற்றத்தை ஒரே நாளில் செய்திருக்கிறார். வேலை தேடின பெடியளை வெட்டியது நெகட்டிவ் பட்டியல், உங்கள் விலை இல்லை. அதோடு இது மார்ச் வெக்கை, பெப்ரவரியை விட ஆட்கள் தேடும் காலம். விலையை எடுத்துவிட்டிருந்தால் 175க்குப் பதில் 120 ஆகி, 13 போன் 20 ஆகியிருக்காது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கணக்கக்கா

அவர் கேட்பது நியாயமான கேள்வி. பாதித் தேடலுக்கு விலையோடு, பாதிக்கு விலையில்லாமல் என்று கூகிளிலேயே பிரித்துப் பார்க்கலாம். ஆனால் 13 போனைப் பாதியாக்கினால் ஏழுக்கு ஆறு வரும். அதை வைத்து யாரும் சத்தியம் பண்ண முடியாது. இரண்டு மூன்று மாதம் ஓட்ட வேண்டும்.

குளிர்காரன்

ஓட்டலாம். ஆனால் ஒன்று சொல்கிறேன். முந்தி போன் எடுப்பவர்கள் முதலில் கேட்பது "பார்க்க வர எவ்வளவு?" சொன்னால் "யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிடுவார்கள். இந்த மூன்று கிழமையில் அந்தக் கேள்வியை ஒருவர்தான் கேட்டார். மற்றவர்கள் எல்லாம் "எத்தனை மணிக்கு வருவீங்கள்?" என்றுதான் தொடங்குகிறார்கள். அது உங்கள் அறிக்கையில் எந்தப் பெட்டியில் வரும் என்று தெரியவில்லை, ஏலக்காரன் தம்பி.

ஏலக்காரன்

வராது. சரி, ஏப்ரல் முதல் பாதிப் பாதியாகப் பிரித்துப் போடுங்கள். அமைத்துத் தருகிறேன், காசு வேண்டாம். பம்பலப்பிட்டியில் என் வீட்டு ஏசியும் ஒழுகுகிறது.

குளிர்காரன்

பார்க்க வர 2,500.