தண்ணீருக்கு வந்தவையும் தானியத்துக்கு வந்தவையும்

தோட்டத்துக்கு வரும் பறவைகளோடு உங்களுக்கு நேர்ந்தவற்றை எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன். கூடவே ஒரு கருத்தும் உண்டு. மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். தானியம் மட்டும் வைக்கிறவர்கள் கடைசியில் புறாவையும் காகத்தையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் வைத்தால், தானியத்தை ஏறெடுத்தும் பார்க்காத பறவைகள் வந்து இறங்கும்.

எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு மண் தட்டு இருக்கிறது. அகலமானது, ஆனால் ஆழம் எங்கும் இரண்டு அங்குலத்தைத் தாண்டாது. பீங்கானில் கால் வழுக்கும். மண்ணின் சொரசொரப்பு பறவைக்குப் பிடிமானம். நடுவில் ஒரு தட்டையான கல். சின்னப் பறவைகள் முதலில் அந்தக் கல்லில்தான் வந்து உட்காரும், பிறகுதான் நனையலாமா என்று யோசிக்கும்.

கோடையில் தட்டுக்கு முதல் உரிமையாளர் காகம். எங்கிருந்தோ காய்ந்த ரொட்டித் துண்டைக் கொண்டுவந்து ஊறப்போட்டுவிட்டு, ஊறும் வரை பக்கத்திலேயே காவல் நிற்கும். ரொட்டி மட்டும் என்றால் பரவாயில்லை, செத்த எலியின் ஒரு பகுதியும் ஒரு நாள் மிதந்தது. அதனால் காலையிலும் மாலையிலும் தண்ணீரை மாற்றுவது எனக்குக் கடமையாகிவிட்டது. மதியம் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வரும். எல்லாம் ஒரே நேரத்தில் குளிப்பதில்லை. ஒன்று மேலே கிளையில் இருந்து சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருக்கும். பூனையின் வால் நுனி தெரிந்தாலும் போதும், அது போடும் கூச்சலில் தோட்டமே காலியாகிவிடும்.

இதை எழுதத் தூண்டிய பறவை வேறு. குளிர்காலத்து மாலை, வெளிச்சம் குறையும் நேரம். தட்டுக்கு மேலே இருந்த கிளையிலிருந்து நீண்ட வெள்ளை நாடா ஒன்று தண்ணீரில் விழுந்து, விழுந்த வேகத்தில் மேலே போயிற்று. அரசவால் ஈப்பிடிப்பானின் ஆண். கறுப்புத் தலை, வெள்ளை உடல், உடலைவிட நீண்ட வால். அது தட்டில் நின்று குளிக்கவில்லை. கிளையிலிருந்து பாய்ந்து நெஞ்சை நனைத்து, மறுபடி கிளைக்குப் போய்ச் சிறகைக் கோதி, மறுபடி பாய்ந்தது. பறக்கும் பூச்சியைப் பிடித்துத் தின்னும் பறவை அது. நான் மூட்டை மூட்டையாகத் தினை வைத்திருந்தாலும் அதற்கு அங்கே வேலை இல்லை.

* * *

தண்ணீர் விஷயத்தில் உங்களோடு நான் உடன்படுகிறேன். ஆனால் மழைக்காலத்தை விட்டுவிட்டீர்களே. எங்கும் நீர் கிடைக்கும்போது தட்டை யாரும் சீண்டுவதில்லை. தானியமோ நனைந்து, ஒட்டி, பூஞ்சை பிடித்துவிடும். பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் ஊறும் நச்சு பறவையின் ஈரலைக் கெடுக்கக்கூடியது. எனவே மழை தொடங்கினால் நான் தானியத் தட்டையே எடுத்து உள்ளே வைத்துவிடுவேன்.

அப்போது பறவைகளுக்கு வேறு விருந்து கிடைத்துவிடுகிறது. முதல் மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பியபோது எங்கள் தோட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். கரிச்சான் கம்பியிலிருந்து பாய்ந்து பாய்ந்து பிடித்தது. மைனாக்கள் தரையில் ஓடி ஓடிப் பொறுக்கின. தானியம் தவிர வேறெதையும் தொடாது என்று நான் நினைத்திருந்த சிட்டுக்குருவி, புற்றின் வாயிலேயே நின்றுகொண்டு வெளியே வருவதை ஒவ்வொன்றாக விழுங்கியது. காகத்துக்கு மட்டும் பறந்து பிடிக்கும் நளினம் வரவில்லை. சிறகு உதிர்ந்து விழுந்தவற்றைத் தின்று திருப்தியடைந்தது.

* * *

காகத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் என் கதை. கூட்டிலிருந்து விழுந்த காகக் குஞ்சு ஒன்று வாசல் நடைபாதையில் கிடந்தது. யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று எடுத்து மதில்மேல் வைத்தேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் வெளியே தலைகாட்டினால் மண்டையில் கொத்து. சட்டையை மாற்றினேன், தொப்பி போட்டேன், தாடிகூட வளர்த்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் போலவே உயரமும் பருமனும் உள்ளவர்; அவரை ஒன்றும் செய்யவில்லை.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் 2006-இல் குகை மனிதன் முகமூடி அணிந்து சில காகங்களைப் பிடித்து, வளையம் மாட்டி விட்டுவிட்டார். பின்னர் யார் அந்த முகமூடியை அணிந்து நடந்தாலும் காகங்கள் சூழ்ந்துகொண்டு கத்தின. பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன. அது வேறு இனக் காகம். ஆனால் எங்கள் வாசல் காகமும் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தது போலத்தான் நடந்துகொண்டது. குஞ்சு பறக்கத் தொடங்கிய பிறகு கோபம் தணிந்தது. நான் குடையை மடக்கினேன்.

* * *

எனக்கும் கூட்டுக் கதைதான், கொஞ்சம் நீளம்.

வேலியோரப் புதரில் தவிட்டுக்குருவிகள் கூடு கட்டியிருந்தன. குஞ்சுகள் வெளியே வந்தபோது அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் இருந்தது. உடம்பில் பெரியது, நெஞ்சில் கோடுகள், ஓயாத கத்தல். அக்காக்குயிலின் குஞ்சு. முட்டையிட்ட தாய் எங்கோ மரத்தின் உச்சியில் இருக்க, தவிட்டுக்குருவிகள் முறைவைத்துப் புழுக் கொண்டுவந்து அதன் வாயில் திணித்தன. இவை கூட்டுக் குடும்பமாக வாழ்பவை. பெற்றோர் மட்டும் இல்லாமல் கூட்டத்தின் மற்றப் பறவைகளும் குஞ்சுக்கு ஊட்டும். ஆக, ஏமாந்தது ஒரு ஜோடி அல்ல, ஒரு குடும்பமே.

வீட்டில் இதைப் பற்றிப் பெரிய சண்டை. அந்தக் குஞ்சை எடுத்துவிட வேண்டும், இது அநியாயம் என்றாள் என் மகள். அக்காக்குயிலுக்குக் கூடு கட்டவே தெரியாது, அது வேறென்ன செய்யும் என்றார் அவள் அப்பா. நான் தோட்டத்துக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டேன். பறவைகளுக்குள் நடக்கும் வழக்குக்கு நாம் நடுவர் இல்லை என்பது என் கட்சி.

மறு பருவத்தில் காகத்தின் கூட்டில் குயில் குஞ்சைப் பார்த்தோம். ஐரோப்பாவின் குயில் குஞ்சு, கண் திறக்கும் முன்பே மற்ற முட்டைகளை முதுகால் தள்ளிக் கூட்டிலிருந்து உருட்டிவிடும். நம் பாட்டுக்காரக் குயிலின் குஞ்சு பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. காகக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளரும். இதைச் சொன்னதும் மகள் குயிலை மன்னித்துவிட்டாள். அக்காக்குயிலை இன்னும் மன்னிக்கவில்லை.

* * *

சுருக்கமாக ஒன்று. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தோட்டத்துக்கு மொட்டைத் தலையோடு மைனாவோ கொண்டைக்குருவியோ வந்தால் பதறாதீர்கள். இறகு உதிர்த்துப் புதிது முளைக்கும் காலம் அது. சில நேரம் உண்ணியும் காரணமாகும். வாரக்கணக்கில் பொறுத்தால் தலை நிறைந்துவிடும். அதே போல ஊதாத் தேன்சிட்டின் ஆண், கருநீலப் பளபளப்பை இழந்து மஞ்சள் வயிற்றின் நடுவே ஒரு கரும்பட்டையோடு திரியும். புதுப் பறவை கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் எல்லாரும் அனுப்புவது இதைத்தான்.

* * *

நான் பனி விழும் நாட்டில் வசிக்கிறேன். முதலில் எழுதியவரின் கருத்து இங்கே பாதிதான் பொருந்தும். தண்ணீர் இரவில் உறைந்துவிடும். காலையில் வெந்நீர் ஊற்றி உருக்கி வைத்தால் நன்றியோடு வருவார்கள் என்பது உண்மை. ஆனால் பகல் மிகக் குறுகியது, இரவோ நீளம். ஒரு சின்னப் பறவை அந்த இரவைத் தாண்டக் கொழுப்பு வேண்டும். சூரியகாந்தி விதையும் கொழுப்பு உருண்டையும் தொங்கவிட்டால் நீலச்சிட்டுகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே தின்னும். மண்ணைக் கிளறினால் ராபின் என் காலடிக்கே வந்துவிடும், மண்வெட்டியில் உட்காரவும் தயங்காது. அதற்கு வேண்டியது நான் அல்ல, நான் புரட்டும் மண்ணில் உள்ள புழு.

தானியம் வைப்பவர்களுக்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிரீன்ஃபிஞ்ச் என்ற பச்சை நிறக் குருவி ஒன்று தட்டிலேயே உட்கார்ந்திருந்தது. உடலை உப்பிக்கொண்டு, விதையை வாயில் எடுத்து, விழுங்க முடியாமல் துப்பியது. நான் அருகில் போயும் பறக்கவில்லை. மறுநாள் செத்துக் கிடந்தது. தொண்டையில் புண் உண்டாக்கும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி அது. புறாக்களிடம் வெகு காலமாக இருந்த நோய், பிரிட்டனில் 2005-இல் ஃபிஞ்ச் இனங்களிடம் தென்பட்டது. பிறகு கிரீன்ஃபிஞ்ச்சுகள் பெருமளவில் மடிந்து, 2021-இல் அந்த நாட்டின் சிவப்புப் பட்டியலில் அந்தப் பறவை சேர்க்கப்பட்டது. எச்சிலும் ஈரமும் கலந்த தட்டில் கூட்டமாகத் தின்பதுதான் நோய் பரவ வசதி. மனிதருக்கு இது தொற்றாது.

அன்றே எல்லாவற்றையும் கழற்றினேன், தண்ணீர்த் தட்டு உட்பட. சில வாரங்கள் எதுவும் வைக்கவில்லை. பாத்திரங்களை வெந்நீரில் தேய்த்து, நீர்த்த பிளீச்சில் ஊறவைத்து, அலசி, வெயிலில் முழுக்க உலர்த்தினேன். உலர்வதில்தான் விஷயம் இருக்கிறது. ஈரம் போனால் அந்த ஒட்டுண்ணி பிழைக்காது. இப்போது கொஞ்சமாக வைக்கிறேன், பொழுது சாயும் முன் தட்டு காலியாகும் அளவுக்கு.

* * *

புறாவைப் பற்றி ஏளனமாக எழுதிவிட்டீர்கள், மாடியில் வசிக்கும் எனக்கு வருவதே அதுதான். சரி, தீர்வையும் எழுதிவிடுகிறேன். சிட்டுக்குருவி நுழையவும் புறா நுழையாமலும் இருக்கும்படி கம்பி வலைக் கூண்டுக்குள் தட்டை வைத்தேன். புறா இரண்டு நாள் கூண்டின்மேல் நின்று ஆலோசித்தது, பிறகு போய்விட்டது. கீழ் வீட்டுக்காரர் எச்சம் விழுவதாகச் சொன்ன புகாரும் நின்றது.

என் வருத்தம் கண்ணாடி. ஜன்னலில் வானமும் மரமும் தெரிய, பறவை அதையே வழி என்று நம்பி முழு வேகத்தில் மோதுகிறது. ஒரு பருந்துப் படத்தை ஒட்டினால் போதும் என்பது வெறும் நம்பிக்கை. அந்த ஒற்றைப் படத்தைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் மோதும். கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுவதும் இரண்டு அங்குல இடைவெளியில் புள்ளிகள் வைத்த பிறகுதான் மோதல் நின்றது. தட்டு இருக்கும் தூரமும் முக்கியம். ஜன்னலுக்கு மூன்று அடிக்குள் இருந்தால் பறவைக்கு வேகம் எடுக்க இடம் இருக்காது. இல்லாவிட்டால் முப்பது அடிக்கு அப்பால் தள்ளி வையுங்கள். இடைப்பட்ட தூரம்தான் ஆபத்து.

* * *

தொடங்கிய நானே மறுபடி. புறாக்காரரே, கோபிக்க வேண்டாம். கூண்டு யோசனையை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

சிட்டுக்குருவிக்குத் தானியம் போதும் என்று பலர் நினைப்பதால் ஒரு வார்த்தை. வளர்ந்த குருவி தானியம் தின்னும். குஞ்சுக்கு அது ஊட்டுவது புழுவும் பூச்சியும். மருந்தடித்துப் பூச்சியே இல்லாமல் செய்த தோட்டத்தில் கம்பையும் உடைத்த அரிசியையும் குவித்து வைத்துவிட்டு, கூடு கட்டவில்லையே என்று குருவியை நொந்து பயனில்லை. உதிர்ந்த இலையைக் கூட்டாமல் ஒரு மூலையில் விட்டு வைத்தேன். தவிட்டுக்குருவிகள் அதைப் புரட்டிப் புரட்டித் தின்பதைப் பார்த்த பிறகு தானியத்துக்கு நான் செலவழிப்பது பாதியாகக் குறைந்தது.

வெளியூர் போனால் பறவைகள் பட்டினி கிடக்குமா என்று தனியாகக் கேட்டிருந்தார் ஒருவர். அந்தக் கவலை வேண்டாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சிக்கடீ என்ற சிறு பறவைகளை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். நீண்ட காலமாகத் தட்டில் தின்று பழகியவற்றுக்கு உணவை நிறுத்தியபோதும், தட்டையே அறியாதவற்றைப் போலவே அவை குளிர்காலத்தைக் கடந்தன. கடும் குளிரில் தட்டு உதவுகிறது என்பது வேறு விஷயம். தட்டை நம்பி அவை தேடுவதை நிறுத்திவிடுவதில்லை. உங்கள் வீடு அவற்றின் பாதையில் ஒரு நிறுத்தம் மட்டும். கிளம்பும்போது தண்ணீர்த் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள். ஒரு வாரம் தேங்கினால் கொசு வந்துவிடும்.