ஐப்பசி சனி ஞாயிறுல மதுரையில எங்க போனீங்க, யாரைப் பாத்தீங்க?

பழங்காநத்தத்திலிருந்து:

புரட்டாசி முடிஞ்ச முதல் ஞாயிறு மதுரையில எப்படி இருக்கும்னு இங்க எல்லாருக்கும் தெரியும். விடியும்போதே கறிக்கடை வாசல்ல தூக்குச்சட்டியோட வரிசை நிக்கும். ஒரு மாசம் கட்டுப்பாடா இருந்த ஊரு, ஒரே நாள்ல மிளகு, சீரகம், மல்லி வறுத்து இடிக்கிற வாசத்துல மிதக்கும். எங்க வீடும் அப்படித்தான். ஆனா போன ஐப்பசியில அந்த வரிசைக்குத் தம்பியை அனுப்பிட்டு, ஒன்பதாவது படிக்கிற என் மகளைப் பைக்குல ஏத்திக்கிட்டு கீழக்குயில்குடிக்குப் போனேன். "எப்பப் பாத்தாலும் மால், சினிமா, ஜிகர்தண்டா. வேற எங்கயாச்சும் கூட்டிட்டுப் போப்பா"ன்னு அவ ரெண்டு வாரமாக் கேட்டுக்கிட்டே இருந்தா.

முந்தின ராத்திரி நல்ல மழை. நாகமலைப் பக்கம் திரும்பினதுமே காத்துல ஒரு குளிர்ச்சி. அடிவாரத்துத் தாமரைக் குளம் நெறஞ்சு கெடந்துச்சு. அகலமான இலை ஒவ்வொண்ணுலயும் மழைத்தண்ணி கைப்பிடி அளவு தேங்கி, காத்தடிச்சா அப்படியே உருண்டு இன்னொரு ஓரத்துக்குப் போகும். மகள் அதைப் பாத்துக்கிட்டே பத்து நிமிஷம் நின்னா. நானும் அவசரப்படுத்தல.

அய்யனார் கோயிலைத் தாண்டிச் சமணர் மலையில மேல ஏறினா பேச்சிப்பள்ளம். பாறையில வெட்டின படி ஈரமா இருந்துச்சு. பாதியில பின்னாலருந்து ஒரு குரல்: "வழுக்கும் தாயி, செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்க." எழுபது வயசுக்கு மேல இருக்கும். தோள்ல துண்டு, கையில குடை. தமிழ் வாத்தியாரா இருந்து ஓய்வு பெத்தவராம். ஞாயிறு தவறாம ஏறுவாராம்.

மேல சுனைக்குப் பக்கத்துப் பாறையில வரிசையாத் தீர்த்தங்கரர், அதாவது சமண குருமார் சிலைகள். அஞ்சு தலைப் பாம்பு குடை பிடிச்ச பார்சுவநாதர், கால்ல கொடி சுத்தி நிக்கிற பாகுபலி. சிலைகளுக்குக் கீழ வட்டெழுத்து, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து. நான் இதுக்கு முன்னாடி நாலஞ்சு தடவை போயிருக்கேன். அந்த எழுத்தைப் பாறையில விழுந்த கீறல்னு நினைச்சுத் தாண்டிப் போனவன்தான் நான். அன்னிக்கு வெயில் அப்பத்தான் சாஞ்சு விழுந்துச்சு. ஈரப் பாறையில ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா எந்திரிச்சு நின்ன மாதிரித் தெரிஞ்சுச்சு. "உச்சி வெயில்ல வந்தா வெறும் கல்லுதான் தெரியும். இந்த நேரந்தான் நேரம்"னார் அய்யா.

அவர் கல்லைத் தொடல. ஒரு சாண் தள்ளியே விரலை வச்சு, எழுத்து எழுத்தா மகளுக்குப் படிச்சுக் காட்டினார். "ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி."

"தாயார்னா... ஒரு அம்மா செஞ்சு வச்சதா?"

"ஆமா தாயி. மகன் அச்சணந்தி சமண முனிவர். இது அவரோட அம்மா குணமதியார் செய்யச் சொல்லி வச்ச சிலை. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு."

மகள் அதுக்கப்புறம் பேசவே இல்லை. அந்த வரியை உள்ளங்கையில விரலால எழுதி எழுதிப் பாத்தா. வரலாறுப் புத்தகத்துல ராஜா பேரு, போர் நடந்த வருஷம்னு மனப்பாடம் பண்ணின பிள்ளை. ஒரு அம்மா பேரு கல்லுல இருக்குங்கிறது அவளை என்னமோ பண்ணிருச்சு. என்னையுந்தான். என் அம்மா பேரு ரேஷன் கார்டைத் தவிர வேற எங்க எழுதியிருக்குன்னு அன்னிக்கு யோசிச்சேன்.

கொஞ்சம் தள்ளி ஒரு பாறையில யாரோ ரெண்டு பேரு தங்களோட பேரைக் கல்லை வச்சுக் கீறி, நடுவுல இதயம் வரைஞ்சிருந்தாங்க. அய்யா துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "இதைத்தான் தாங்க முடியல"ன்னார். தயவு செஞ்சு யாரும் இதைப் பண்ணாதீங்க, பண்றவங்களைப் பாத்தா நின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

இறங்கி வந்து ஆலமரத்தடியில சூடாப் பருத்திப்பால் குடிச்சோம். கருப்பட்டியும் சுக்கும் தூக்கலா, அடியில தேங்காய்ப்பூ. வீட்டுக்கு வந்தப்போ குழம்பு கொதிச்சு முடிஞ்சிருந்துச்சு.

நீங்களும் சொல்லுங்க. இடத்தை மட்டும் சொல்லாம, அங்க பாத்த ஆளையும் சொல்லுங்க.

மேலூர்ப் பக்கமிருந்து:

அண்ணே, உங்க பதிவைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல. அந்த அச்சணந்தி பேரு எங்க அரிட்டாபட்டிப் பாறையிலயும் இருக்கு. கழிஞ்சமலைக் குகைக்கிட்ட ஒரு தீர்த்தங்கரர் சிலை, அதுக்குக் கீழ "அச்சணந்தி செய்வித்த திருமேனி"ன்னு வட்டெழுத்து. சின்ன வயசுல ஆடு மேய்க்கப் போறப்ப அந்தச் சிலைக்கு முன்னாடிதான் சோத்துச் சட்டியைத் திறப்போம். அவரு அம்மா பேரு கீழக்குயில்குடியில இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியும்.

எங்க ஊருக்கு ஐப்பசி, கார்த்திகையில வாங்க. சித்திரையில வந்துட்டு "ஒண்ணுமே இல்லையே"ன்னு போறவங்க நிறையப் பேரு. மழை பெஞ்சா ஏழு மலையும் கருத்து, சுனையெல்லாம் வழிஞ்சு, கம்மா மறுகால் பாயும். ராத்திரி தவளைச் சத்தத்துல தூங்க முடியாது. பாண்டியர் காலத்துக் குடவரை சிவன் கோயில்ல, சிவனோட அவதாரம்னு சொல்ற லகுலீசர் சிலை இருக்கு, தமிழ்நாட்டுல அது அபூர்வம். லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு பாக்குறதுக்குன்னே பெரிய கேமராவோட ஆளுங்க வருவாங்க. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அரசு அறிவிச்சது எங்க ஊரைத்தான்.

நான் சொல்ல வந்தது வேற. 2024 ஐப்பசியில ஒரு சனிக்கிழமை மதுரையிலருந்து காலேஜ் பிள்ளைங்க நாலு பேரு வந்தாங்க. மலையில இருக்கும்போது மழை பிடிச்சுக்கிருச்சு. நனைஞ்சு ஓடி வந்தவங்களை எங்க அப்பத்தா திண்ணையில உக்கார வச்சு, துவட்டத் தன் சேலையைக் கொடுத்து, கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் கொடுத்துச்சு. அதுல ஒரு பிள்ளை அப்பத்தாகிட்டப் பருந்து பேரு, செடி பேரெல்லாம் கேட்டு நோட்டுல எழுதிக்கிருச்சு. அப்பத்தா ஒவ்வொண்ணுக்கும் நாட்டு மருந்தோட சேத்துச் சொல்லுச்சு. இருட்டுற வரைக்கும் பேச்சு.

கொஞ்ச நாள்லயே எங்க பகுதியில டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஏலம் விட்டாச்சுன்னு சேதி வந்துருச்சு. ஊரே தூங்கல. 2025 ஜனவரியில நாங்க எல்லாரும் மதுரைக்கு நடந்தோம். கூட்டத்துல யாரோ என் கையைப் பிடிச்சாங்க. திரும்பிப் பாத்தா அந்தப் பிள்ளை. "அப்பத்தா வந்திருக்காங்களா அண்ணே?"ன்னுதான் முதல்ல கேட்டுச்சு. அந்த மாசமே ஏலத்தை ரத்து பண்ணிட்டாங்க. அப்பத்தா இன்னமும் "அந்த நோட்டுப் பிள்ளை வரலையா"ன்னு கேக்கும்.

வாங்க. பிளாஸ்டிக் கொண்டு வராதீங்க, பாட்டுப் பெட்டி வேண்டாம்.

செல்லூரிலிருந்து:

எனக்கு ஆத்துல தண்ணி வந்தாப் போதும், வேற எங்கயும் போக மாட்டேன். வருஷத்துல பாதி நாள் வைகையில புல்லு மேயுற மாட்டைப் பாத்தே வளந்தவன் நான். வைகை அணையில தண்ணி திறந்து விட்டுட்டாங்கன்னு சேதி வந்தா, சாயங்காலம் அப்பாவை ஏ.வி. மேம்பாலத்துக்குக் கூட்டிட்டுப் போவேன். வெள்ளைக்காரங்க காலத்துல கட்டின பாலம். கைப்பிடிச் சுவர் நெடுக ஆளுங்க, பிள்ளைகளைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு. முன்ன பின்னத் தெரியாதவங்க கூட "எந்தப் பக்கம் ஏறியிருக்கு, தரைப்பாலம் முங்கிருச்சா"ன்னு சொந்தக்காரங்க மாதிரிப் பேசிக்குவாங்க. அப்பா ஒண்ணும் பேச மாட்டார். தண்ணியைப் பாத்து ஒரு கும்பிடு போடுவார்.

கீழவாசலிலிருந்து:

பாறை, மலையெல்லாம் நான் ஏறினதில்லை தம்பி, முட்டி வலி. எனக்கு ஐப்பசின்னா தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ராத்திரி. பகல்ல போறவங்களுக்கு அந்த அழகு தெரியாது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல விளக்குத்தூண்லருந்து தெற்கு மாசி வீதி வரைக்கும் ஒரு நடை நடந்து பாருங்க.

அந்த விளக்குத்தூணே ஒரு கதைதான். கோட்டைச் சுவரை இடிச்சு வெளி வீதிகளுக்கு வழி பண்ணின பிளாக்பர்ன் கலெக்டர் நினைவா நட்டது. இப்ப அதைச் சுத்தி எல்லாம் துணிக்கடை. தரையில தார்ப்பாயை விரிச்சு, மேல கயித்துல பாவாடை, சட்டை, நைட்டி. நடக்கவே இடம் இருக்காது, பிள்ளைங்க கையை இறுக்கிப் பிடிச்சுக்கணும். பணப்பையை முன்னால போட்டுக்கங்க.

ஒரு வருஷம் ஒரு மணி இருக்கும், நான் ஒரு பிளாட்பாரக் கடையில பேரம் பேசிக்கிட்டு இருந்தேன். பக்கத்துல உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருத்தங்க, சுருக்குப் பையைத் திறந்து காசு எண்ணிக்கிட்டு நின்னாங்க. பேத்திக்கு கவுன் வாங்கணும். அளவு கேட்டதுக்கு, இடுப்புக்கிட்டக் கையை வச்சு "இம்புட்டு இருப்பா"ன்னாங்க. கடைக்காரத் தம்பி எந்திரிச்சு வந்து, அந்தக் கைக்கு நேரா கவுனைப் பிடிச்சுப் பாத்து, "எம்மகளும் இம்புட்டுத்தாம்மா. ஒரு இஞ்சு பெருசாவே எடுங்க, அடுத்த வருசமும் ஆகும்"னுச்சு.

அப்பத்தான் மழை கொட்டுச்சு. அந்தத் தம்பி துணியை மூடுறதா, ஆளுங்களைப் பாக்குறதான்னு தெரியாம ஒரு நொடி நின்னுச்சு. அப்புறம் பெரிய தார்ப்பாயை விரிச்சு "எல்லாரும் உள்ள வாங்க, ஆளுக்கொரு முனையைப் பிடிங்க"ன்னுச்சு. பன்னெண்டு பேரு இருப்போம். ஒரு முனை என் கையில, ஒரு முனை அந்த அம்மா கையில. நடுவுல தேங்கின தண்ணியை அப்பப்ப எக்கித் தள்ளி வெளிய கொட்டினோம். கால்மணி நேரம். யாரோ தூக்குவாளியில டீ வாங்கிட்டு வந்தாங்க, காகிதக் கப்புல ஆளுக்குப் பாதி. மழை விட்டதும் அந்த அம்மா மறுபடி காசை எண்ண ஆரம்பிச்சாங்க. தம்பி, "இருக்குறதைக் கொடுங்கம்மா"ன்னு கவுனை மடிச்சுக் கையில கொடுத்துருச்சு. நான் அதுக்கப்புறம் பேரம் பேசல. சொன்ன விலையைக் கொடுத்துட்டு வந்தேன்.

சிலைமானிலிருந்து:

எங்க வீட்டுக்கு விருந்தாடி வந்தா நேரா கீழடி அருங்காட்சியகம்தான், கூப்பிடு தூரம். 2023 மார்ச்சுல திறந்தாங்க. செட்டிநாட்டு வீடு மாதிரித் தூணும் முற்றமுமா இருக்கும். மழை நேரத்துல அந்த முற்றத்துல நின்னாலே காசு கொடுத்ததுக்குச் சரி.

போன வருஷம் என் மாமியாரைக் கூட்டிட்டுப் போனேன். பள்ளிக்கூடம் போகாதவங்க. தங்கம், தந்தத் தாயக்கட்டை எதையும் நின்னு பாக்கல. பானை ஓட்டை உடைச்சு வட்டமாத் தேய்ச்ச சில்லு அடுக்கியிருந்த கண்ணாடிக்கிட்டப் போயி நின்னுட்டாங்க. "ஏத்தா, இது நம்ம பாண்டிச் சில்லுல்ல?" பக்கத்துல சென்னையிலருந்து வந்த ரெண்டு சின்னப் பிள்ளைங்க, பாண்டின்னா என்னன்னு கேட்டுச்சுங்க. மாமியார் வெளிய கூட்டிட்டுப் போயி, ஈரத் தரையில குச்சியால கட்டம் போட்டு, சேலையை இழுத்துச் செருகி, ஒத்தக் கால்ல ரெண்டு கட்டம் தாண்டிக் காட்டிட்டாங்க. அறுபத்தெட்டு வயசு. அந்தப் பிள்ளைகளோட அம்மா கண்ணு கலங்கிருச்சு, தன் அம்மா ஞாபகம் வந்துருச்சுன்னாங்க.

பழங்காநத்தத்திலிருந்து, மறுபடியும்:

எல்லாருக்கும் நன்றி. மேலூர்த் தம்பி, உங்க பதிவை மகளுக்கு வாசிச்சுக் காட்டினேன். அடுத்த ஞாயிறே அரிட்டாபட்டி போயிட்டு வந்தோம். சிலைக்கு முன்னாடி உக்காந்து, செல்போன்ல எடுத்து வச்சிருந்த பேச்சிப்பள்ளம் படத்தையும் இதையும் மாத்தி மாத்திப் பாத்தா. "அம்மா அந்த மலையில, மகன் இந்த மலையில. நடந்து வந்தா எத்தனை நாளாகும்ப்பா?"ன்னு கேட்டா. வெள்ளனக் கிளம்பினா பொழுதடையுறதுக்குள்ள வந்துரலாம்னேன். உங்க அப்பத்தா வீட்டைத் தேடினோம், வயலுக்குப் போயிருந்தாங்க. மிளகாய் வத்தல் காய வச்சிருந்த பாயை மழைத் தூறல்லருந்து மகள் எடுத்துத் திண்ணையில வச்சா. யார் எடுத்து வச்சாங்கன்னு கேட்டா, நாங்கதான்னு சொல்லிருங்க.

வாத்தியார் அய்யாவைப் போன வாரம் மறுபடி கீழக்குயில்குடியில பாத்தோம். அழகர்மலைக் குகையில "அச்சணந்தி செயல்"னு இன்னொரு எழுத்து இருக்காம், கிடாரிப்பட்டிப் பக்கமாத்தான் ஏறணுமாம். அவரும் வர்றேன்னிருக்கார். வர்ற ஞாயிறு மழை விட்டிருந்தா காலைல ஆறு மணிக்கு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வாசல்ல நிப்போம். வர்றவங்க செருப்பைக் கழட்டிப் போட ஒரு துணிப்பை கொண்டு வாங்க. கீழவாசல் அக்கா, நீங்க அடிவாரம் வரைக்குமாச்சும் வரணும், இட்லி நாங்க கட்டிட்டு வர்றோம்.