கன்னா: பஞ்சாபின் தானிய மண்டி ஊரில் கண்டதும் கேட்டதும்

மலைக்கோட்டை எழுதியது:

பஞ்சாப் என்றதும் அமிர்தசரஸ், லூதியானா, ஜலந்தர் என்று பெரிய ஊர்களைப் பற்றித்தான் பேச்சு வரும். வங்கி வேலையாக நான் சில வருஷம் இருந்தது கன்னாவில். லூதியானா மாவட்டத்து ஊர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1,28,137. டெல்லியிலிருந்து அமிர்தசரஸ் போகும் கிராண்ட் டிரங்க் ரோடு, அதாவது ஜி.டி. ரோடு, ஊருக்குள்ளேயே போகிறது. பஸ்ஸிலும் காரிலும் வருகிறவர்களில் பெரும்பாலோர் மேம்பாலத்தில் ஏறி அப்படியே கடந்துபோய்விடுவார்கள். அங்கே போயிருக்கிறவர்கள் யாராவது இருந்தால் நீங்களும் எழுதுங்கள், முதலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஊருக்கு உயிரே தானிய மண்டிதான். ஆசியாவிலேயே பெரிய மண்டி என்று அங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஏப்ரல் 1-ஆம் தேதி கோதுமைக் கொள்முதல் தொடங்கிவிட்டது என்று அறிவிப்பு வரும், ஆனால் மண்டி வெறிச்சோடித்தான் கிடக்கும். ஏப்ரல் நடுவில் வரும் வைசாகிப் பண்டிகை நெருங்கி, கதிர் நன்றாகக் காய்ந்து, வயலில் கம்பைன் அறுவடை இயந்திரம் இறங்கிய பிறகுதான் ஊரே மாறும். ராத்திரி, பகல் என்று இல்லாமல் டிராக்டர் டிராலிகள் வந்தபடி இருக்கும். கொண்டுவந்த கோதுமையைத் தங்கள் ஆர்தியாவின் கடைக்கு முன்னால் உள்ள தளத்தில் கொட்டுவார்கள். ஆர்தியா என்பவர் நம் ஊர்க் கமிஷன் மண்டிக்காரர் மாதிரி. கொட்டிய குவியலை மின்விசிறி வைத்த இயந்திரத்தில் தூற்றித் தூசியும் உமியும் நீக்குவார்கள். அப்புறம் கொள்முதல் ஏஜென்சியின் இன்ஸ்பெக்டர் ஈரமானியோடு வருவார். கோதுமையில் ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இருந்தால் ஏலம் கூறி, விலை முடிந்து, 50 கிலோ சாக்கில் அளந்து, வாயைத் தைத்து அடுக்குவார்கள். 2025 பருவத்தில் குவிண்டாலுக்கு 2,425 ரூபாய் ஆதரவு விலை. விற்ற விவசாயிக்கு ஆர்தியா ஜே-பாரம் என்று ஒரு சீட்டு கொடுப்பார். அந்த வீட்டின் ஆறு மாத உழைப்பு அந்தச் சீட்டில் இருக்கிறது. எங்கள் கிளைக்கு வருகிறவர்கள் அதைச் சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்திருப்பார்கள்.

2021 ஏப்ரல் வரைக்கும் அரசுப் பணம் ஆர்தியா கைக்குத்தான் போகும். அவர் தமக்கு வர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். அந்தப் பருவத்திலிருந்துதான் நேரே விவசாயியின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. முதல் தடவை அப்படிப் பணம் வந்த சமயத்தில் ஒரு பெரியவர் பாஸ்புக்கோடு வந்து, தொகையை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். படித்தேன். "இன்னொரு தடவை, பேட்டி (மகளே)" என்றார். அதையும் படித்தேன். பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு நேரே ஆர்தியா கடைக்குக் கிளம்பினார். "உங்கள் பணம்தானே, ஏன் இத்தனை அவசரம்?" என்று கேட்டேன். மனைவியை ராத்திரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கதவைத் தட்டியதும் பணம் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான் என்றார்.

ஆர்தியாவின் வட்டி கடுமைதான், அதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். வங்கிக் கடன் வந்துவிட்டால் அவர்கள் தேவையே இல்லை என்று நகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள், கன்னாவில் ஒரு பருவம் இருந்துவிட்டு எழுத வேண்டும். நாங்கள் பட்டா, அடங்கல் மாதிரி நிலக் காகிதங்களைக் கேட்போம். குத்தகைக்கு உழுகிறவரிடம் என்ன காகிதம் இருக்கும்? ஆர்தியா ஆளைப் பார்த்துக் கொடுக்கிறார். அந்த இடத்தை வங்கிகள் இன்னும் பிடிக்கவில்லை என்பதுதான் என் அனுபவம்.

2022-ஐ மறக்க முடியாது. மார்ச் மாதத்திலேயே வெயில் கொளுத்திவிட்டது, கோதுமை பால் பிடித்துத் திரளும் நேரம். ஒரு விவசாயி ஒரு பிடி கோதுமையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மணி மணியாக இருக்க வேண்டியது சூம்பிப்போய் இருந்தது. சூம்பிய மணி 6 சதவீதம் வரை இருக்கலாம் என்பது விதி. அந்த வருஷம் மத்திய அரசு அதை 18 சதவீதம் வரை தளர்த்தியது. விற்க முடிந்தது, ஆனால் ஏக்கருக்குக் கிடைத்த மூட்டை குறைந்துவிட்டதே, அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

சங்ககிரி லாரி எழுதியது:

அக்கா, நான் அந்த மேம்பாலத்தில் போகிறவன்தான். ஆனால் கீழேயும் இறங்கியிருக்கிறேன். பொள்ளாச்சித் தேங்காய் ஏற்றிக்கொண்டு லூதியானா போவோம், திரும்பும்போது கன்னாவை ஒட்டியிருக்கிற மண்டி கோபிந்த்கரில் இரும்பு ஏற்றுவோம். அந்த ஊர் முழுக்க உருக்கு ஆலை, ரோலிங் மில். ஒரு பக்கம் கோதுமைத் தூசி, கொஞ்ச தூரம் போனால் இரும்புப் புகை. கன்னாவில் போகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலைதான் சேலம், நாமக்கல், கரூர், மதுரை என்று கன்னியாகுமரிக்கும் போகிறது. அத்தனை தூரம் போன பிறகும் அதே எண்ணைப் பார்த்தால் எனக்கு ஒரு தெம்பு வரும்.

டிசம்பர் கடைசியில் அந்தப் பக்கம் போனால் பனிமூட்டம் கண்ணைக் கட்டிவிடும். முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது. ஒரு தடவை கன்னாவுக்கும் சிர்ஹிந்துக்கும் நடுவில் ஊர்க்காரர்கள் ரோட்டில் நின்று கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார்கள். எனக்குப் பயமாகிவிட்டது, கிளீனர் பையன் கண்ணாடியை ஏற்றிவிட்டான். பார்த்தால் லங்கர், சீக்கியர்கள் போடும் அன்னதானம். ஓரம் கட்டு, சாப்பிட்டுவிட்டுப் போ என்கிறார்கள். குரு கோபிந்த் சிங்கின் சின்ன மகன்கள் இருவரைச் சிர்ஹிந்த் நவாப் வஸீர் கான் சுவரில் வைத்து உயிரோடு கட்டியதாகச் சொல்லும் இடம் பக்கத்தில்தான், ஃபதேகட் சாகிப். அந்தக் குழந்தைகள் நினைவாக டிசம்பரில் லட்சக்கணக்கில் ஜனம் வரும். ரோடு நெடுக லங்கர் போட்டிருப்பார்கள். ரொட்டி, பருப்பு, சூடாக டீ. எந்த ஊர், என்ன ஜாதி, வண்டியில் என்ன லோடு, ஒன்றும் கேட்கவில்லை. தலையை மூட ஒரு துணி கொடுத்தார்கள், அவ்வளவுதான். பரிமாறிய பையனுக்குப் பன்னிரண்டு வயதுகூட இருக்காது. வெறும் காலோடு நடந்து நடந்து போட்டான், அந்தக் குளிரில். இப்போது எங்கள் டிரைவர்களிடம் நான் சொல்லியே அனுப்புகிறேன்: அங்கே நிறுத்தினால் நிறுத்துங்கள், பயப்படாதீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும் அக்கா. அந்த மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் யாரும் சர்தார்கள் மாதிரித் தெரியவில்லையே?

காவிரிக்கரை எழுதியது:

லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தில் மார்ச்சிலும் செப்டம்பரிலும் விவசாயிகளுக்கு மேளா நடக்கும். அதற்குப் போன பழக்கத்தில், அப்புறம் ஒரு அக்டோபரில் நண்பர்களோடு கன்னா மண்டிக்கும் போனேன். நெல் பருவம். நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம், அதனால் வேறு எதையும் பார்க்காமல் நெல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அங்கேயும் ஈரப்பதம் 17 சதவீதம்தான், நமக்கும் அதேதான். ஆனால் நமக்குக் குறுவை அறுக்கும்போது மழை வந்துவிடும். கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் முளைத்துக் கிடக்கும், 17-ஐ 22 ஆக்குங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் கேட்டுக்கொண்டு நிற்போம். அங்கே அக்டோபரில் வெயில் அடிக்கிறது, தளம் முழுக்க சிமென்ட். நெல் மூட்டை 37.5 கிலோ, நமக்கு 40. அந்தத் தளத்தைப் பார்த்ததும் எங்கள் கூட வந்த பெரியவர் ஒருவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இதில் பாதி நம் ஊரில் போட்டுக் கொடுத்தால் போதுமே" என்றார். எனக்கு அந்தப் பேச்சு இன்னும் ஆறவில்லை. இந்திய உணவுக் கழகம் 1965-ல் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்ததே தஞ்சாவூரில்தான். அப்போது உணவு அமைச்சராக இருந்தவர் சி. சுப்பிரமணியம். அப்படி இருந்தும் நம் நெல் இன்னும் ரோட்டில் காய்கிறது.

தமிழ்நாடு என்றதும் மண்டியில் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். "சுவாமிநாதன் ஊரா?" என்றார் ஒருவர். கும்பகோணம் எங்களுக்குப் பக்கம் என்றதும் டீ வந்தது, லட்டு வந்தது. அவர்கள் சொல்வது எம். எஸ். சுவாமிநாதனை. 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை இறக்கிய காலத்து விஞ்ஞானி என்பதைவிட, உற்பத்திச் செலவோடு 50 சதவீதம் சேர்த்து விலை கொடுக்கச் சொன்னவர் என்றுதான் அங்கே அவரைத் தெரியும். டெல்லி எல்லையில் உட்கார்ந்து போராடியபோது அந்தக் கோரிக்கையைச் சொல்லாத நாள் இல்லை என்றார்கள்.

அவர்களில் ஒருவர் வயலுக்கு அழைத்துப் போனார். வரப்போரம் பாப்லர் மரம், நடுவில் போர்வெல். தன் அப்பா காலத்தில் மேலே வைத்த பம்பே தண்ணீரை இழுக்குமாம். அப்புறம் குழி தோண்டி பம்பைக் கீழே இறக்கினார்களாம். இப்போது ஆழத்தில் சப்மெர்சிபிள். நீங்கள் வீட்டில் சோறு சாப்பிடுவீர்களா என்று கேட்டேன். எப்போதாவது ராஜ்மாவோடு என்றார். சாப்பிடாத பயிருக்கு ஏன் இவ்வளவு தண்ணீர் என்றால், அவர் பதில் நேரடியாக இருந்தது: அரசு நின்று வாங்குவது கோதுமையும் நெல்லும்தான். மக்காச்சோளம் போட்டால் விலையை வியாபாரி சொல்வார், பருப்பு போட்டாலும் அப்படித்தான். பாவம், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தண்ணீரைக் காக்க 2009-ல் ஒரு சட்டம் வந்தது. ஜூன் 10-க்கு முன்னால் நடவு கூடாது என்றார்கள். நல்ல எண்ணம்தான். நடவு தள்ளிப்போனதும் அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைக்க நவம்பர் முதல் பாதிக்குள் வயல் தயாராக வேண்டும். இடையில் கிடைப்பது இரண்டு மூன்று வாரம், அதனால் வயலில் நிற்கும் நெல் தாளைக் கொளுத்துகிறார்கள். புகை டெல்லி வரை போகிறது. பூசா 44 என்ற நீண்ட நாள் ரகத்தை விட்டுவிட்டு, சீக்கிரம் வரும் பிஆர் 126-க்கு மாறச் சொல்கிறது பல்கலைக்கழகம். அவரும் மாறியிருந்தார். மகசூல் கொஞ்சம் குறைவு, ஆனால் தண்ணீரும் மிச்சம், நாளும் மிச்சம் என்றார். கன்னாவில் நான் கேட்ட பேச்சுகளில் எனக்கு நம்பிக்கை தந்தது இது ஒன்றுதான்.

பழைய ஹவில்தார் எழுதியது:

ஜம்முவிலிருந்து விடுப்பில் வரும்போதெல்லாம் லூதியானா, கன்னா, அம்பாலா வழியாகத்தான் ரயில். 1998 நவம்பர் 26 விடியற்காலையில் கன்னா பக்கம் பொற்கோயில் மெயில் தடம் புரண்டு, எதிரே வந்த சியால்தா எக்ஸ்பிரஸ் அதில் மோதி 212 பேர் இறந்தார்கள். சில வருஷம் கழித்து அந்த ஸ்டேஷனில் என் யூனிபார்மைப் பார்த்து ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு இருட்டில் ஊரோடு ஓடிப்போனதைச் சொன்னார், வீட்டுப் போர்வைகளை எல்லாம் கொடுத்துவிட்டார்களாம். அந்த ஊர் மனிதர்களைப் பற்றி எழுதும்போது இதுவும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

மலைக்கோட்டை எழுதியது:

ஐயா, நன்றி. எங்கள் கிளையிலும் அந்த நாளைச் சொல்லும் பெரியவர்கள் இருந்தார்கள்.

லாரித் தம்பி கேட்டதற்கு வருகிறேன். நீங்கள் பார்த்தது சரி. மூட்டை தூக்குவது, தூற்றுவது, தைப்பது எல்லாம் பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசத்துக்காரர்கள். பருவத்துக்கு முன்னால் ரயிலில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள். கூலி மூட்டைக் கணக்குதான். அதனால் மழை பெய்து மண்டி நின்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை, லாரி வராமல் மூட்டை தேங்கினாலும் இல்லை. இரவில் சாக்கு மேலேயே படுப்பார்கள். கோதுமைத் தூசி உடம்பெல்லாம் அரிக்கும். தலைப்பாகைத் துணியையே மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். கணக்கு திறக்க வந்த சிலரிடம் உள்ளூர் முகவரிச் சான்று இல்லை என்று அலைய வேண்டியிருந்தது. ஆதாரோடு வந்தவர்களுக்கு முடித்துக் கொடுத்தோம். சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரயிலில் போவதுதான் அவர்களுக்குப் பெரிய பயம். நம் ரேஷன் கடைக் கோதுமையில் ஒரு பங்கு பஞ்சாபிலிருந்து வருகிறது. அது அவர்கள் முதுகில் ஏறி இறங்கித்தான் வருகிறது.

காவிரிக்கரை அண்ணன் சொன்ன ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் கன்னாவிலும் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கிடங்குகள் நிரம்பி, அரைத்த அரிசியை வைக்க இடமில்லாமல், மில்காரர்கள் நெல்லை எடுக்கத் தயங்கி மண்டியில் குவியல் தேங்கியதையும் கேட்டிருக்கிறோம். வாங்கினால் மட்டும் போதாது, அதே வேகத்தில் எடுத்துப் போகவும் வேண்டும்.

யாராவது போய்ப் பார்க்க ஆசைப்பட்டால் ஏப்ரல் பாதிக்கு மேல் போங்கள். காலையில் சீக்கிரம் போனால் தூற்றும் வேலையைப் பார்க்கலாம், இன்ஸ்பெக்டர் வந்த பிறகு ஏலம் கூறுவதைக் கேட்கலாம். மூக்குக்கு ஒரு துணி எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பதற்கு முன்னால் கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. நேரம் இருந்தால் தோராஹா போகிற வழியில் ஔரங்கசீப் காலத்துச் சராய் ஒன்று இருக்கிறது, லஷ்கரி கான் சராய் என்று கேளுங்கள். பழைய ஜி.டி. ரோட்டில் வந்தவர்கள் தங்கிய இடம், அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.