மேலூர் கிரானைட்: கல் உடைத்தவர் கைக்கு ஏன் குவாரி வரவில்லை?

கீழவளவுப் பேரன்:
தாத்தா மேலூர்ப் பக்கம் கல் உடைத்தவர். அவர் காலத்தில் பாறை என்றால் அம்மி, ஆட்டுக்கல், கல்கால், ரோட்டுக்குச் சல்லி, அவ்வளவுதான். அப்பா ஆளாவதற்குள் அதே பாறை 'காஷ்மீர் ஒயிட்' என்று பெயர் மாறிக் கப்பலேறிவிட்டது. கல்லை அறிந்தவர்கள் எல்லாம் கடைசிவரை கூலியாகவே இருந்தது எப்படி? திறமை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கோப்புப் பூச்சி:
விதிகளைப் படித்தால் பாதி புரியும். தமிழ்நாட்டின் 1959-ஆம் ஆண்டு சிறு கனிம விதிகளில் 1977 டிசம்பரில் 8-சி என்று ஒன்றைச் சேர்த்தார்கள். கறுப்பு கிரானைட்டை இனி அரசோ அரசு நிறுவனமோதான் வெட்டலாம், தனியாருக்குக் குத்தகை கிடையாது. டாமின் என்கிற தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனம் வந்ததும் அந்தக் காலத்தில்தான். தனியார் வழக்குப் போட்டார்கள், 1981-ல் உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றது. சரி, கதவை மூடியாச்சு என்று பார்த்தால், அதே விதிகளில் 39 என்று ஒரு சன்னல் திறந்தே கிடந்தது. கனிம வளர்ச்சிக்கு நல்லது என்று காரணம் எழுதிவிட்டால் மற்ற விதிகளைத் தாண்டி அரசு குத்தகை தரலாம். 1994-ல் அதுவும் செல்லும் என்று தீர்ப்பானது. சென்னையில் கோப்பை நகர்த்தத் தெரிந்தவருக்கு அந்தச் சன்னல் போதும். உளி பிடித்தவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

பழைய குவாரி ஆள்:
தம்பி, விதியை விட முன்பணம்தான் எங்களைக் கட்டிப் போட்டது. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கியதை வேலை செய்து கழிக்க வேண்டும், கழியவே கழியாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது, குவாரிக்கு அது வந்து சேர ரொம்ப நாளாச்சு. அப்புறம் பிளாக், அதாவது ஏற்றுமதிக்கு வெட்டும் பெரிய முழுக்கல், அந்த வியாபாரம் வேறு கணக்கு. மயிரிழை விரிசல் இருந்தாலும் கல் கழிவு. ஒரு நல்ல பிளாக்குக்காக எவ்வளவோ உடைத்துக் கொட்டுவோம், கொட்டியது பெரும்பாலும் ஓடையிலும் கண்மாயிலும்தான். இயந்திரம், கிரேன், வெளிநாட்டு ஆர்டர் எல்லாம் முதல் போட்டவனிடம். எங்களிடம் இருந்தது கையும், தூசி தின்ற நெஞ்சும்.

திருமயத்தான்:
முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் மாவட்ட நிர்வாகம் கல் குவாரிகளைக் கூலிப் பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டது. ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை என்றாலும் அந்தப் பெண்கள் நடத்திக் காட்டினார்கள். ஆனால் கவனியுங்கள், அது சல்லிக் கல். ஏற்றுமதி பிளாக்கை யாரும் அப்படிக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

கோப்புப் பூச்சி:
நல்ல பாயிண்ட். 2012-ல் மதுரை ஆட்சியர் சகாயம் கிரானைட் குவாரி முறைகேடு பற்றி அரசுக்கு எழுதினார், 2014-ல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரிக்கச் சொன்னது, அடுத்த ஆண்டு அறிக்கையில் இழப்பு ரூ.1 லட்சம் கோடிக்கு மேல் என்றார். ஆனால் அதெல்லாம் அரசுக்குப் போன இழப்பு. கூலிக்காரனுக்குப் போனதை எந்தக் கணக்கில் எழுதுவது? 2012-ல் குவாரிகளைப் பூட்டியபோது முதலில் சோறு போனதும் அவர்களுக்குத்தான்.

கீழவளவுப் பேரன்:
நன்றி. பழைய ஆள் அண்ணே, தாத்தா காலத்துப் பாறையை இப்போது பார்த்து அடையாளம் காண முடியுமா?

பழைய குவாரி ஆள்:
முடியும். உடைந்த விளிம்பில் சின்னச் சின்ன அரைக்குழி வரிசையாக இருந்தால் கை உளியால் குழி போட்டு, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் பிளந்தது. சுவர் மாதிரி மழமழவென்று நின்றால் வயர் சா, அதாவது கம்பி ரம்பத்தால் அறுத்தது. மழை பெய்த மறுநாள் போ, குழியில் தண்ணீர் நிற்கும், நன்றாகத் தெரியும்.